ஓபியாய்டு சார்புள்ள பெண்ணின் பிரசவ வலி

அமெரிக்க மருத்துவமனைகளில் நடக்கும் பிரசவங்களில், ஓபியாய்டு வகை மருந்துகளுக்கு ஆட்பட்ட தாய்மார்களின் எண்ணிக்கை 1999ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு 1.5 ஆக இருந்து 2014ஆம் ஆண்டில் 6.5 ஆக உயர்ந்துவிட்டது என்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டிருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் இந்த எண் பெரிதும் மாறுபடுகிறது. வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மாண்டில் அது 48.6ஐத் தொட்டது. அங்கே சிகிச்சை வசதி பரவலாக இருப்பதும் அதனால் நோய் முறையாகப் பதிவாவதும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டாலும், பிரசவ அறையில் பணிபுரியும் மருத்துவரும் செவிலியரும் இத்தகைய பெண்ணை எப்போதோ ஒரு முறை மட்டும் சந்தித்த காலம் போய்விட்டது என்பதை அந்த எண் காட்டுகிறது.

ஓபியாய்டு என்பது அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், கோடீன் ஆகியவற்றையும், அவற்றை மாற்றியமைத்துச் செய்யப்படும் ஹெராயின், ஆக்ஸிகோடோன் போன்றவற்றையும், முழுக்க ஆய்வுக்கூடத்தில் உருவாகும் ஃபென்டனில், மெதடோன் போன்றவற்றையும் ஒருங்கே குறிக்கும் பொதுப்பெயர். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ‘மியூ’ என்னும் ஏற்பிகளில், அதாவது நரம்பணுக்களின் மேற்பரப்பில் இம்மருந்துகள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களில் அமர்ந்து, வலிச் செய்தியை இவை மட்டுப்படுத்துகின்றன. 1996ஆம் ஆண்டில் பர்டியூ ஃபார்மா நிறுவனம் ‘ஆக்ஸிகான்டின்’ மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அது அடிமைப்படுத்தும் வாய்ப்பு குறைவு என்று மருத்துவர்களிடம் பரப்பியதும், அந்தப் பொய்க்காக அதனோடு இணைந்த நிறுவனமொன்று 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் இன்று பதிவான வரலாறு. மாத்திரையில் தொடங்கியவர்களில் ஒரு பகுதியினர் ஹெராயினுக்கும், பிறகு கள்ளச் சந்தை ஃபென்டனிலுக்கும் நகர்ந்தனர். கட்டுப்படுத்த முடியாத வேட்கையும், கேடு என்று தெரிந்தும் விடமுடியாமையும், நிறுத்தினால் உடல் படும் அவதியும் சேர்ந்த இந்த நிலையை ‘ஓபியாய்டு பயன்பாட்டு நோய்’ என்று மருத்துவம் பெயரிட்டிருக்கிறது.

இந்நோயுள்ள பெண் கருவுற்றால், போதைப்பொருளை அடியோடு நிறுத்தச் சொல்வதே நல்லது என்று பொதுப்புத்திக்குத் தோன்றும். ஆனால் திடீரென நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் மீண்டும் பழைய பழக்கத்துக்கே திரும்புவதும், இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால் பழைய அளவை எடுத்தவுடன் மூச்சு நின்று இறப்பதும் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவருபவை. ஆகவேதான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், கர்ப்பிணிக்கு மெதடோன் அல்லது புப்ரெனார்ஃபின் என்ற இரண்டில் ஒன்றைத் தொடர்ந்து கொடுப்பதையே முதன்மைச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. மெதடோன் சிகிச்சையை நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் 1960களின் நடுவில் நிறுவிக்காட்டினர். இங்கிலாந்தின் ஹல் நகர ஆய்வுக்கூடத்தில் 1966இல் உருவான புப்ரெனார்ஃபினைப் போதைச் சார்பு சிகிச்சைக்குப் பயன்படுத்த அமெரிக்கா 2002இல் ஒப்புதல் அளித்தது. இரண்டுமே ஓபியாய்டுகள்தாம் என்றாலும், உடலில் நீண்ட நேரம் சீராகத் தங்குவதால் ஏறி இறங்கும் போதையையும் அதைத் தொடரும் தவிப்பையும் தராமல் நோயாளியை நிலைநிறுத்துகின்றன.

சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. பிரசவ வலி எடுத்து வரும் பெண்ணின் மருந்துச் சீட்டில் மெதடோன் என்று எழுதியிருப்பதைப் பார்க்கும் பணியாளர், வலுவான வலி மருந்து ஏற்கெனவே அவள் உடலில் இருக்கிறதே, மேலும் எதற்கு என்று எண்ணிவிடக்கூடும். 2006ஆம் ஆண்டில் டேனியல் ஆல்ஃபோர்டும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் ‘அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் எழுதிய கட்டுரை, இத்தகைய நோயாளிகளின் வலியைப் பற்றி மருத்துவத் துறைக்குள் நிலவிய நான்கு தவறான எண்ணங்களை எடுத்துக்காட்டியபோது, முதலாவதாகக் குறித்தது இதைத்தான். ஒரு வேளை மெதடோன், விலகல் அறிகுறிகளை, அதாவது மருந்து நின்றால் தோன்றும் நடுக்கம், வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு முதலியவற்றை ஒரு நாள் முழுவதும் தடுத்துவைக்கும்; அதே மருந்தின் வலி நீக்கும் ஆற்றலோ 4 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். புப்ரெனார்ஃபினுக்கும் இதே கதைதான். காலையில் ஒரு வேளை எடுத்த மருந்து, மாலையில் வரும் பிரசவ வலிக்கு எதுவும் செய்வதில்லை. தினமும் எடுக்கும் மருந்து நோய்க்கானது, வலிக்கான மருந்து அதற்கு மேல் தனியாகக் கொடுக்கப்பட வேண்டியது என்ற இந்த ஒரு பாகுபாட்டை மனத்தில் வாங்கிக்கொண்டால், இத்துறையின் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

மீதிப் பாதி, அந்தப் பெண்ணின் உடலே வலியை வேறுவிதமாக உணர்வதில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓபியாய்டு எடுத்தவருக்கு அதே விளைவைப் பெற அதிக அளவு தேவைப்படுவதைத் தாங்குதிறன் என்பர். அதோடு, தொடர்ந்து மருந்தில் ஊறிய நரம்பு மண்டலம் வலிக்கு மேலும் கூர்மையாக எதிர்வினையாற்றத் தொடங்குவதும் உண்டு. பனிக்கட்டி நீரில் கையை அமிழ்த்தி எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்று அளந்த சோதனைகளில், மெதடோன் எடுப்பவர்கள் மற்றவர்களைவிட விரைவிலேயே கையை எடுத்துவிட்டனர். இதனை ஓபியாய்டு தூண்டும் மிகைவலி என்று அழைக்கிறார்கள். இத்தகைய பெண் கூடுதலாக முனகினால் அதற்கு உடலியல் காரணம் இருக்கிறது என்பதை அறியாதவர்கள், அவள் மருந்துக்காக நடிக்கிறாள் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர்.

இவ்வளவு தடைகள் இருந்தும், பிரசவ வலியைப் பொறுத்தவரை நிலைமை எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. வெர்மாண்டைச் சேர்ந்த மார்ஜரி மேயர் தலைமையிலான குழு, மெதடோன் எடுத்த தாய்மார்களை 2007இலும் புப்ரெனார்ஃபின் எடுத்த தாய்மார்களை 2010இலும் மற்றத் தாய்மார்களோடு ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வுகளில், பிரசவத்தின்போது தேவைப்பட்ட வலிநிவாரணத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. முதுகில் செலுத்தப்படும் எபிடியூரல் ஊசியே அதற்கு முதற்காரணம் எனலாம். கருப்பை சுருங்கி, கருப்பை வாய் விரியும் முதற்கட்டத்தில் வலிச் செய்தி மார்புப் பகுதியின் பத்தாவது தண்டுவட நரம்பிலிருந்து இடுப்புப் பகுதியின் முதல் நரம்பு வரையிலான வழியாகவும், குழந்தை கீழிறங்கும் இரண்டாம் கட்டத்தில் அதற்கும் கீழே, திரிகம் எனப்படும் முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புகள் வழியாகவும் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. தண்டுவடத்தைப் போர்த்திய உறைக்கு வெளியே உள்ள குறுகிய இடைவெளியில் மெல்லிய குழாயைப் பொருத்தி, அதன் வழியே புபிவக்கேன் போன்ற மரப்பு மருந்தைச் சொட்டவிட்டால், அந்த நரம்புகள் செய்தி கடத்துவதையே நிறுத்திவிடுகின்றன. மரப்பு மருந்து செயல்படுவது நரம்பிழையின் சோடியம் வாயில்களில். ஓபியாய்டு ஏற்பிகளோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஆகவே எத்தனை ஆண்டு போதைப் பழக்கம் இருந்தாலும் எபிடியூரலின் அந்தப் பகுதி பழுதின்றி வேலை செய்கிறது. வழக்கமாக அதோடு சிறிதளவு ஃபென்டனிலும் சேர்க்கப்படும். தாங்குதிறன் உள்ளவரிடம் அதன் பங்கு குறையலாம், அப்போது மரப்பு மருந்தின் அளவைக் கூட்டிச் சரிசெய்ய முடியும்.

எனவே வலி கடுமையாகும் வரை காத்திராமல் எபிடியூரலைத் தொடக்கத்திலேயே பொருத்திவிடுவதும், கர்ப்பத்தின் பிற்பகுதியிலேயே மயக்க மருந்து நிபுணரை ஒரு முறை சந்தித்துத் திட்டம் வகுப்பதும் இப்போது நல்ல நடைமுறையாகக் கொள்ளப்படுகின்றன. ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுத்தவர்களுக்குக் கையின் இரத்த நாளங்கள் தழும்பேறி, குழாயிட ஏற்ற நாளம் கிடைப்பதே அரிதாகிவிடும்; அவசர சிசேரியனுக்கான நெருக்கடியில் நாளம் தேடி அலைவதைவிட, அமைதியான வேளையில் அல்ட்ராசவுண்ட் துணையோடு ஒன்றைக் கண்டுபிடித்துக் குழாயிட்டுவைப்பது எவ்வளவோ மேல். அன்றாட மெதடோன் அல்லது புப்ரெனார்ஃபின் வேளையைப் பிரசவ நாளிலும் தவறாமல் கொடுக்க வேண்டும் என்பது இத்திட்டத்தின் முதல் வரி. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உடல் மெதடோனை வேகமாகச் சிதைத்து வெளியேற்றுவதால் பலருக்கு அளவைக் கூட்டவோ, நாளைக்கு இரு வேளையாகப் பிரிக்கவோ வேண்டியிருக்கும். பிரித்துக் கொடுப்பதில் வலி நிவாரணமும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது.

பிரசவ அறையில் நேரக்கூடிய மிகக் கெட்ட தவறு, நல்லெண்ணத்தோடு போடப்படும் ஓர் ஊசியால் நேர்வது. பியூட்டார்ஃபனால், நால்புஃபின் ஆகிய இரண்டும் அமெரிக்கப் பிரசவ அறைகளில் வலிக்காக வழக்கமாகக் கொடுக்கப்படுபவை. இந்திய மருத்துவமனைகளில் ‘ஃபோர்ட்வின்’ என்ற பெயரில் நன்கு அறிமுகமான பென்டசோசினும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இவை ஒரு வகை ஏற்பியைத் தூண்டிக்கொண்டே மியூ ஏற்பியை மறிக்கும் கலப்பு மருந்துகள்; போதைச் சார்பு இல்லாத பெண்ணுக்கு இதனால் தீங்கில்லை, மெதடோன் எடுக்கும் பெண்ணுக்கோ, ஏற்பிகளில் அமர்ந்திருக்கும் மருந்தைச் சில நிமிடங்களில் தள்ளிவிட்டு, கடுமையான விலகல் அறிகுறிகளை ஒரே வீச்சில் வரவழைத்துவிடும். வியர்வை, வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, படபடப்பு ஆகிய அவ்வறிகுறிகள் பிரசவ வலியின் தோற்றத்தையே ஒத்திருப்பதால், வலி இன்னும் அடங்கவில்லை என்று எண்ணி அதே ஊசியை மீண்டும் போடும் ஆபத்தும் இருக்கிறது. தாயின் தவிப்பு கருவையும் பாதிக்கும். அதிக அளவு போதையால் மூச்சு நிற்கும் நிலையைத் தவிர வேறெதற்கும் இப்பெண்களுக்கு நலாக்ஸோன் என்ற முறிமருந்தைக் கொடுக்கக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

புப்ரெனார்ஃபினின் இயல்பு தனியாகச் சொல்லத் தக்கது. அது மியூ ஏற்பியில் மிக இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒட்டிய இடத்தை ஓரளவுக்கு மட்டுமே தூண்டும். பேருந்து இருக்கையில் துண்டைப் போட்டு இடம்பிடித்தவர் தாமும் முழுதாக உட்காராமல் மற்றவரையும் உட்காரவிடாமல் நிற்பதுபோல், பிறகு வரும் மார்ஃபினுக்கு அது வழிவிடாது என்று மருத்துவர்கள் அஞ்சினர். அந்த அச்சத்தால், அறுவை சிகிச்சைக்குச் சில நாட்களுக்கு முன்பே புப்ரெனார்ஃபினை நிறுத்தச் சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. நடைமுறையில் அது இரட்டைக் கேடாக முடிந்தது: நிறுத்திய பெண்ணுக்கு வலி குறையவுமில்லை, போதைப் பழக்கம் திரும்பும் அபாயம் மட்டும் வளர்ந்தது. ஏற்பிகள் அனைத்தும் நிரம்பிவிடுவதில்லை என்பதும், ஃபென்டனில், ஹைட்ரோமார்ஃபோன் போன்ற வலுவான மருந்துகளைக் கூடுதல் அளவில், மூச்சைக் கவனித்தபடி கொடுத்தால் பலன் கிடைக்கிறது என்பதும் தெளிவான பிறகு, நிறுத்தாமல் தொடர்வதே இன்றைய விதியாகிவிட்டது. மாதம் ஒரு முறை ஊசியாகப் போடப்படும் நால்ட்ரெக்ஸோனின் நிலை இதற்கு மாறானது. அது ஏற்பியை முழுவதும் மூடிவிடுவதால், அதன் வீரியம் இருக்கும் வரை ஓபியாய்டு வலிமருந்து எதுவும் சரிவரப் பலிக்காது, எபிடியூரலின் மரப்பு மருந்தும் ஓபியாய்டு அல்லாத மருந்துகளுமே கைகொடுக்கும்.

சிசேரியனுக்குப் பிந்தைய நாட்களே உண்மையில் கடினமானவை. மேயர் குழுவின் ஆய்வுகளில், சிசேரியன் செய்துகொண்ட மெதடோன் தாய்மார்களுக்கு மற்றவர்களைவிட 70 சதவீதமும் புப்ரெனார்ஃபின் தாய்மார்களுக்கு 47 சதவீதமும் கூடுதலாக ஓபியாய்டு வலிமருந்து தேவைப்பட்டது. இந்தக் கூடுதல் தேவையை ஒரே மருந்தால் ஈடுகட்ட முயல்வதைவிட, வெவ்வேறு இடங்களில் செயல்படும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது பயன் தருகிறது. பாராசிட்டமாலையும் கீட்டோரோலாக் அல்லது ஐபுபுரூஃபெனையும் வலி வந்தபின் கேட்டு வாங்கும்படி விடாமல் மணிக்கணக்குப்படி கொடுப்பது, தண்டுவட நீரில் சிறிதளவு மார்ஃபின் செலுத்துவது, வயிற்றுச் சுவரின் நரம்புகளை அல்ட்ராசவுண்ட் உதவியோடு மரக்கச் செய்வது, எபிடியூரல் குழாயை உடனே எடுத்துவிடாமல் மேலும் ஒரு நாள் வைத்திருப்பது, தேவைப்பட்டால் குறைந்த அளவு கீட்டமின் தருவது ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றுக்கு மேலும் வலி எஞ்சினால் ஆக்ஸிகோடோன் போன்றவற்றைக் கொடுக்கத் தயங்கக்கூடாது. வீடு திரும்பும்போது சில நாட்களுக்கான மாத்திரைகளை மட்டும் கொடுத்து, பெண் விரும்பினால் அவற்றை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்து, நலாக்ஸோன் மூக்குத் தெளிப்பானையும் கையோடு அனுப்புவது வழக்கம். சுகப்பிரசவமாக இருந்தால் பெரும்பாலோருக்குப் பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபெனுமே போதுமானவை.

வலிக்கு ஓபியாய்டு கொடுத்தால் பழைய பழக்கம் திரும்பிவிடுமே என்ற கேள்வி எல்லோருக்கும் எழுவது இயல்பு. ஆல்ஃபோர்ட் கட்டுரை குறித்த தவறான எண்ணங்களில் இரண்டாவது இது. கண்காணிப்பில் கொடுக்கப்படும் வலிமருந்து பழக்கத்தை மீட்டுவருகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றும், தீராத வலியும் அது தரும் மன உளைச்சலுமே மீண்டும் போதையை நாடச்செய்யக்கூடியவை என்றும் அக்கட்டுரை வாதிட்டது. அடக்கம் கற்பிப்பதற்காக வலியைத் தீர்க்காமல் விடும் மருத்துவமனை, தான் தடுக்க நினைக்கும் நோயையே வளர்க்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இந்தப் பெண்கள் தங்கள் போதைப் பழக்கத்தைப் பற்றி மருத்துவமனையில் வாய்திறக்க அஞ்சுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்களின் ஒப்புதல் இல்லாமல் கொக்கெய்ன் சோதனைக்கு உட்படுத்திக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்த மருத்துவமனை நடைமுறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும், கர்ப்ப காலத்தில் போதைப்பொருள் எடுத்த தாயைக் குற்றவாளியாக்கும் சட்டமொன்றை டென்னசி மாநிலம் 2014இல் இயற்றி, 2016இல் காலாவதியாகவிட்டது. இன்னொரு விசித்திரம், எபிடியூரலில் மருத்துவரே செலுத்திய ஃபென்டனில் பின்னர் தாயின் சிறுநீரிலும் சில வேளைகளில் குழந்தையின் சிறுநீரிலும் தென்படக்கூடும் என்பது. சோதனை முடிவை மருந்துக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பாராமல் குழந்தை நலத் துறைக்குத் தகவல் போனால் குற்றமற்ற தாய் விசாரணைக்கு உள்ளாவாள்.

குழந்தையைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். கருவிலிருந்தே ஓபியாய்டுக்குப் பழகிய சிசுவுக்குப் பிறந்த சில நாட்களில் விலகல் அறிகுறிகள் தோன்றலாம். அவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. அவற்றின் கடுமை தாயின் மெதடோன் அளவை ஒட்டி அமைவதில்லை என்பதால், குழந்தைக்காக மருந்தைக் குறைத்துக்கொள்ளத் தாய் முயல வேண்டியதில்லை. சிசுவை உண்கிறதா, உறங்குகிறதா, தேற்றினால் அடங்குகிறதா என்று பார்த்து முதலில் தாயின் அணைப்பையே மருந்தாகக் கொள்ளும் முறையை 26 அமெரிக்க மருத்துவமனைகளில் சோதித்த ஆய்வு 2023இல் வெளியானது. அறிகுறிகளுக்கு மதிப்பெண் இடும் பழைய முறையில் சராசரியாக 14.9 நாட்களில் வீடு திரும்பத் தயாரான குழந்தைகள், இம்முறையில் 8.2 நாட்களிலேயே தயாராயினர். சிகிச்சையில் நிலைத்திருக்கும் தாய், வேறு தடை இல்லாவிட்டால், தாய்ப்பால் கொடுப்பதும் ஊக்குவிக்கப்படுகிறது; மெதடோனும் புப்ரெனார்ஃபினும் பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன.

பிரசவ அறையின் கவனம் முழுவதும் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆபத்து அதற்குப் பிறகே வளர்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத் தாய்மார்களின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, ஓபியாய்டு மிகையளவு நிகழ்வுகள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மிகக் குறைவாகவும், குழந்தை பிறந்த 7ஆம் மாதத்திலிருந்து 12ஆம் மாதம் வரை மிக அதிகமாகவும் இருப்பதைக் காட்டியது. ஏழைத் தாய்மார்களின் சிகிச்சைச் செலவை ஏற்கும் மெடிக்கெய்ட் என்னும் அரசுக் காப்பீடோ, கர்ப்பத்தை முன்னிட்டு அதில் சேர்க்கப்பட்ட பல பெண்களுக்கு, பிரசவமான 60 நாட்களில் முடிந்துவிடும்படி அமைந்திருந்தது. அதனை 12 மாதங்களாக நீட்டிக்க மாநிலங்களுக்கு 2022 ஏப்ரல் முதல் கூட்டாட்சி அரசு வழி திறந்துவிட்டது. பெரும்பாலான மாநிலங்கள் இப்போது அதனை ஏற்றுக்கொண்டிருக்கின்றன.